அணைய மறுக்கும் எஞ்சின் விளக்கு

ஜூலை 15, சனி

காலையிலிருந்து மழை. இந்தத் தீவில், அதுவும் சூவாவில், வேறென்ன.

பள்ளிக்கூட மாஸ்டர் செரு, நான் விற்கப்போகும் காரைப் பார்க்க வந்தார். நாலு வீடு தள்ளி இருப்பவர். சமபுலா ஏற்றம் வரை ஓட்டிக் காட்டினேன். ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்தபோது, சரியாக எங்கள் வாசலில், டாஷ்போர்டில் அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு. சனியன்.

"மிஸ்திரி காடியிலயே வெளக்கு எரியுதா?" என்று சிரித்தார். இருபத்தாறு வருஷமாக ஊர் கார்களையெல்லாம் பழுது பார்ப்பவன் நான். விளக்கு அணைந்ததும் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

மகன் ராஜன் பிரிஸ்பேனிலிருந்து எனக்கும் மனைவி காமாட்சிக்கும் விசா வாங்கி அனுப்பிவிட்டான். கார் கை மாறியதும் டிக்கெட், அதுதான் பேச்சு. பழுதான காரை எவன் தலையிலாவது கட்டிவிட்டு விமானம் ஏற மாட்டேன் என்று அவனிடம் சொல்லியாகிவிட்டது.

ஜூலை 17, திங்கள்

வெயில். கம்பியால் இரண்டு முனைகளை இணைத்து, விளக்கு மின்னுவதை எண்ணினேன். இரண்டு. நிறுத்தம். மறுபடி இரண்டு. இருபத்திரண்டாம் நம்பர் பழுது. அதாவது தண்ணீர்ச் சூட்டைப் பார்க்கும் சென்சார். மூன்றாம் தடவையாக இதே நம்பர்!

ஜூனில் சென்சாரை மாற்றினேன். இந்த மாத ஆரம்பத்தில் வயரை. ஃபியூஸைப் பிடுங்கிப் போட்டால் அணைகிறது. ஒரு வாரம் ஒழுங்கு. பிறகு சனிக்கிழமை பல்லைக் காட்டுகிறது.

வாங்க: வயர் டேப், பிரேக் ஆயில், காமாட்சிக்கு இருமல் மருந்து.

ஜூலை 18, செவ்வாய்

மறுபடி மழை. ஒர்க்‌ஷாப்பில் ஈ ஓட்டினேன். மே மாதம் துப்பாக்கிக் கூட்டம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து நம் இந்திய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக ஆக்லாந்து, சிட்னி. இன்று தையல்கடை முனுசாமி குடும்பம். கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எப்பய்யா?" என்றார். காரைச் சொன்னேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." போகிற நேரத்திலும் அந்த வாய் சும்மா இருக்கிறதா!

ராஜன் போன். ஹிந்தியிலேயே கத்தல். காரை ரோட்டில் போட்டுவிட்டு வா என்கிறான். ஆளைப் பார்.

எப்போது கிளம்பலாம் என்று கா.விடம் கேட்டேன். "நீங்க சொல்றப்ப." கட்டின நாளிலிருந்து இதே பதில். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ஜூலை 21, வெள்ளி

மூக்குக்கண்ணாடியை மறந்து பத்து மணிக்கு வீட்டுக்குத் திரும்பினேன். பானெட் திறந்து கிடக்கிறது. கா. தலை குளித்து, செம்பில் மஞ்சள் தண்ணீரோடு, வேப்பிலையால் எஞ்சின் மேல் தெளித்துக்கொண்டிருக்கிறாள்! தெளித்துவிட்டுத் துணியால் பளபளவென்று துடைக்க வேறு செய்கிறாள்.

"என்னாடி பண்ற?"

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம செய்யறதுதான். டவுன்ல கடைய எரிச்ச அன்னைக்கி ரோடு பூரா கல்லு. இந்தக் காடி எங்கியாவது நின்னுச்சா? நம்ப ரெண்டு பேரயும் கொண்டாந்து வாசல்ல வுட்டுச்சு. அப்பவே மாரியாயிக்கு வேண்டிக்கிட்டேன்."

வேண்டுதல் என்றால் டயரடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டியதுதானே என்றேன்.

"டயரா இழுத்துக்கிட்டு வந்துச்சு? எஞ்சின்தான?"

சென்சாரின் பிளக்கைக் கழற்றினேன். உள்ளே பித்தளை முனையெல்லாம் மஞ்சள் தண்ணீர். இரண்டு மாதமாக ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கிறதே என்று கத்தினேன். ரொம்பவே கத்திவிட்டேன்.

ஜூலை 22, சனி

வெயில். பிளக்கைச் சுத்தம் செய்து, உலர்த்தி, புது முனைகள் போட்டேன். விளக்கு போயிற்று.

கா.வைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதோ, பிளக்கைப் பிடித்திருக்கும் இந்தக் கிளிப், அழுத்தி இழுத்தால்தான் வரும், இதன் பக்கம் தண்ணீர் போகவே கூடாது.

"இது கழண்டா வெளக்கு எரியுமா?"

"எரியும்."

தலையாட்டினாள். நேற்றுக் கத்தியதற்கு வருத்தம். அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 25, செவ்வாய்

நாலாவது நாளாக விளக்கு இல்லை. நவுசோரி வரை ஓட்டிப் பார்த்தாயிற்று. செருவை நாளைக் காலை வரச் சொன்னேன். கா.விடமும் சொன்னேன். சரி என்றாள்.

சந்தோஷப்பட வேண்டியவன். பாதிச் சோற்றோடு தட்டை நகர்த்திவிட்டேன். பிரிஸ்பேனில் எனக்கென்ன வேலை? ராஜன் வீட்டுப் புல்லை வெட்டலாம். போக மனமில்லை. இங்காவது எழுதியாயிற்று. ஆனால் பேரப்பிள்ளை அங்கே. கா. ஆசையாக இருப்பாள். அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

ஜூலை 26, புதன்

தூறல். செரு எட்டரைக்கே வந்துவிட்டார். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஓடியது. விளக்கும் எரிந்தது.

பானெட்டைத் திறந்தேன். ஈரமில்லை. மஞ்சளில்லை. பிளக் கழன்று தொங்குகிறது. அந்தக் கிளிப் தானாகக் கழலவே கழலாது.

திரும்பிப் பார்த்தேன். வாசற்படியில் கா. முகமெல்லாம் பயம், கண்ணை மட்டும் தாழ்த்தவில்லை. போக வேண்டாம் என்று வாயால் சொல்லத் தெரியாதவள்.

செரு குனிந்து எட்டிப் பார்த்தார். "என்ன மிஸ்திரி, கண்டுபிடிச்சீங்களா?"

பானெட்டைச் சாத்தினேன்.

"இல்ல மாஸ்டர். இது எனக்குத் தெரியல. வேற காடி பாத்துக்குங்க."