எழுதாமல் விட்ட வரி

மார்ச் 3

கொண்டைக்கடலை விழுதான ஹம்மஸ் விற்கும் எங்கள் கடையின் மூன்றாவது கிளைக்கு இடம் கிடைத்துவிட்டது. தம்பி சமையலறைக்குள் வந்து நின்றான். "அக்கா, இனிமே நீ கஷ்டப்பட வேண்டாம். மூணு கடைக்கும் ஹம்மஸை ஒரே இடத்துல மெஷின்ல அரைச்சு அனுப்பிடலாம். நீ செய்முறையை மட்டும் எழுதிக் குடு."

கஷ்டப்படுகிறேன் என்று நான் எப்போது சொன்னேன்?

மார்ச் 6

வெள்ளிக்கிழமை. எதிர் ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களுக்கு மதியம் ஆளுக்கொரு டப்பா ஹம்மஸ் இலவசம். ஆரம்பித்தது நான். இன்று தம்பி பேனர் கட்டி, போட்டோ எடுக்க ஆளோடு வந்துவிட்டான். வரிசையில் நின்ற பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

டீச்சரம்மாவும் வந்திருந்தார். அங்கே சேர்த்திருக்கும் கணவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து தினமும் வாங்குகிறவர். "உங்க ஹம்மஸ் மட்டுந்தாங்க அவருக்கு வழுக்கிட்டு இறங்குது" என்றார். அதற்கு ஒரு போட்டோவும் எடுக்கவில்லை.

மார்ச் 9

எழுதிக் கொடுத்துவிட்டேன். கொண்டைக்கடலையை ஊறவைப்பது, வேகவைப்பது, எள் விழுது, எலுமிச்சை, ஐஸ் தண்ணீர் எல்லாம் இருக்கிறது. ஒன்றைத் தவிர.

வெந்த கடலையை வெதுவெதுப்பான தண்ணீரில் கொட்டி, கையால் தேய்த்துத் தோலை நீக்க வேண்டும். அந்த வரி இல்லை. ஏழு வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் ஒரு நாள் காலை அடுப்படியை எட்டிப் பார்த்திருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

மறந்துவிட்டேனா? என்னிடமே எதற்குப் பொய் — வேண்டுமென்றேதான் விட்டேன். ஒரே வாரம். ருசி கெட்டுப்போனதும் "அக்கா, வா" என்று வந்து நிற்பான்.

மார்ச் 23

மெஷின் சரக்கு வந்தது. வாயில் வைத்தேன். நாக்கெல்லாம் திப்பி. எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

மார்ச் 24

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 30

இன்றும் இல்லை.

ஏப்ரல் 4

வரிசை தெருமுனை வரை போகிறது. ஒரு கல்லூரிப் பெண் தோழியிடம் சொல்கிறாள்: "இப்பதான்டி சூப்பரா இருக்கு. வீட்டுல செஞ்ச மாதிரி!" பக்கத்து மேசையில் நான் டிஷ்யூ அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு இப்போது அந்த வேலைதான்.

யாருக்குமே தெரியலையா? அப்ப நான் விரல் ஊறி வெளுத்துப்போற வரைக்கும் தேய்ச்சதெல்லாம் எதுக்கு? யாருக்கு?

ஏப்ரல் 10

பத்து நாளாகக் காணாத டீச்சரம்மா இன்று வந்தார். வாங்க வரவில்லை, மருந்துக்கடைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தார். "முன்ன மாதிரி இல்லீங்க. தொண்டையில ஒட்டிக்கிட்டு இருமுறாரு. ஒரு ஸ்பூன்லயே வேணாம்னு தள்ளிடறாரு. குறையா சொல்லல. கடை பெருசாயிடுச்சு, உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்."

மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்று டாக்டர் யோசிக்கிறாராம்.

நான் பழிவாங்க நினைச்சது தம்பியை. போய் விழுந்தது யார் தொண்டையில? பாவி நான்.

ஏப்ரல் 11

தம்பியிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். சிரித்தான்.

"விடுக்கா. தோல் உரிக்க மட்டும் எட்டு ஆள் வேணும். நீ எழுதாம விட்டதும் நல்லதுக்குத்தான்."

"ஒரு மனுஷனுக்கு இறங்க மாட்டேங்குதுடா!"

"ஒருத்தருக்காக மெஷினை நிறுத்த முடியுமா?"

நாளையிலிருந்து கடைக்குப் போகப் போவதில்லை.

ஏப்ரல் 12

வீட்டில் இரண்டு கைப்பிடி கடலை ஊறவைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 14

டப்பாவை வார்டு வாசலில் கொடுத்தேன். மாலையில் டீச்சரம்மா போன் செய்தார். மூன்று ஸ்பூன் இறங்கியதாம். ஏன் கெட்டுப்போனது, யார் கெடுத்தது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

மே 8

டீச்சரம்மாவின் கணவரை இன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழாய் போடவில்லை. போகும் முன் ஒரே ஆசையாம் — இத்தனை நாள் சாப்பிட்ட கடையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். டப்பாவோடு போனேன்.

கடையில் எல்லாம் புதுப் பெயின்ட், புது ஆட்கள். சுவர் முழுக்க என் படம். ஏழு வருடத்துக்கு முந்தையது. கீழே 'அக்காவின் கைப்பக்குவம்' என்று எழுதியிருக்கிறது. மூலை மேசையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்ததும் கல்லாவிலிருந்த பெண் ஓடி வந்தாள்.

"சாரிம்மா, வெளிச் சாப்பாடு இங்க சாப்பிடக் கூடாது."

டீச்சரம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையை அழுத்தி, டப்பாவை மூடினேன்.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். அவர் கணவர் இருமாமல் முழு டப்பாவையும் சாப்பிட்டார்.