என் பழைய குரல்

வீட்டுக்காரிக்கு,

சௌக்கியமா? முழங்கால் வலி தேவலையா?

நானே படித்துத் தேறிய துகள் இயற்பியலை எளிமையாக விளக்கும் என் பழைய ஒலிப்பதிவைத்தான், ஆய்வுக்கூடத்துக்கு வருபவர்களுக்கு இன்னும் போடுகிறார்கள். நாங்கள் தேடிவந்த துகளைப் பற்றி, "இந்தத் துகளை யாரும் கண்டதில்லை" என்கிறது அது. போன வருடம் எங்கள் குழுவே கண்டுவிட்டதே! சுவரோரம் நின்று, "தப்பு, கண்டுபிடிச்சாச்சு!" என்று தினமும் கத்துகிறேன்.

புதுக் காவலாளி, "பெரியவரே, அவரு எவ்வளவு அழகா சொல்றாரு, நீங்க ஏன் குறுக்கே?" என்கிறான்.

மறுபடி பதிவுசெய்யக் கேட்டால், "பழசுதான் சார் கணீர்னு இருக்கு" என்கிறார் இயக்குநர்.

இப்போது குரல் கரகரக்கிறது. வெறும் தொண்டைக்கட்டு, பயப்படாதே. அதனால்தான் போன் செய்யவில்லை. நாளைக்கும் கத்துவேன், விடமாட்டேன்.

கம்பளி மப்ளரை அனுப்பு. கூடம் திறக்கிறார்கள், ஓடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். குரலைக் கேட்டு யாரோ என்று நினைத்து போனை வைத்துவிடாதே.

உன் வீட்டுக்காரன்