மேலே இருக்கும் வீட்டுக்காரருக்கு

பலூன் மைதானம்,
காலை ஆறு மணி எட்டு நிமிடம்.

என் தலைக்கு மேல் ஆயிரம் அடி உயரத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, தரையில் இருக்கும் உங்கள் மனைவி எழுதிக்கொள்வது.

இங்கு நான் மிக்க நலம். உங்கள் நலம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இதுவரை அவசியம் வந்ததில்லை. எங்கே போனாலும் நீங்கள் என் பக்கத்திலேயே, தரையிலேயே நின்றீர்கள். இன்றைக்குத்தான் கொஞ்சம் தூரம் போயிருக்கிறீர்கள். இறங்க ஒரு மணி நேரம் ஆகும் என்று வண்டிக்காரர் சொன்னார். பலூன் போகிற பக்கமெல்லாம் கீழேயே துரத்திக்கொண்டு போய், அது இறங்குகிற இடத்தில் உங்களையெல்லாம் ஏற்றி வருகிற வண்டி இது. இதன் படியில் உட்கார்ந்து, ஓட்டல் அறையில் கிடந்த கடிதத் தாளில் எழுதுகிறேன். வண்டி ஓடும்போது நிறுத்திவிட்டு, நிற்கும்போது எழுதுவேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்திருப்பீர்கள். துணி தரையில் விரிந்து கிடந்தபோது நம் தெரு நீளம் இருந்தது. பெரிய விசிறிகளை வைத்து அதற்குள் காற்றை அடித்தார்கள். அப்புறம் நெருப்பைத் திறந்தார்கள். படுத்துக் கிடந்தது மெல்ல மெல்ல எழுந்து நின்றது. கூடையில் ஏறக் கால் வைக்க ஓட்டைகள் இருக்கின்றன, பார்த்தீர்கள் அல்லவா? நீங்கள் வலது காலை வைத்தீர்கள், எடுத்தீர்கள். இடது காலை வைத்தீர்கள், எடுத்தீர்கள். உங்கள் பெரிய மேனேஜர் "ஏறுங்க சார், இன்னைக்கு உங்க நாள்" என்று இடுப்பில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அப்போது திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நாலு மணிக்கே எழுந்து, தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தேன்.

கீழே எங்களுக்கு இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை. உங்கள் பலூன் மேல் மட்டும் வெயில் விழுந்துவிட்டது. மொத்தம் பதினொரு பலூன். பக்கத்தில் நின்ற உங்கள் கம்பெனி சர்வீஸ் பிரிவுக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பாவம் அக்கா நீங்க, இதெல்லாம் குடுத்து வைக்கலையே" என்றார். அவரை அடிக்கவில்லை. அவர் என்ன செய்வார், நீங்கள் சொன்னதைத்தானே சொல்கிறார்.

ஊரையே மேலேயிருந்து பார்க்க ஏறினோமே, அந்தக் கோபுரம் நினைவிருக்கிறதா? நமக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதம். இரும்புப் படிக்கட்டு. பாதி ஏறியதும் நீங்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. பின்னால் வந்த கூட்டம் சத்தம் போட்டது. இருபத்திரண்டு வயதுப் பெண், கட்டியவனின் மானம் போகக் கூடாது என்று, "எனக்குத் தலை சுத்துதுங்க, இறங்கிடலாம்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். உங்கள் கையைப் பிடித்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு படியாக எண்ணி இறக்கினேன். நூற்றுப் பதினாறு படி. கீழே உங்கள் அண்ணன் குடும்பம் நின்றது. என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "இவளுக்குத் தலை சுத்திடுச்சு" என்றீர்கள். நான் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும்.

அதோடு விட்டீர்களா? மூன்றாவது மாடியில் காற்றோட்டமான வீடு கிடைத்தது. "இவளுக்கு ஒத்துக்காது" என்று சொல்லி, சாக்கடை ஓரத்துத் தரைத்தளத்துக்குக் கூட்டிப் போனீர்கள். நம் மகள் ராட்டினத்தில் ஏற வேண்டும் என்று அழுதபோது, "அம்மாவைத் தனியா விட முடியாதும்மா" என்று பக்கத்து வீட்டுக்காரரோடு அனுப்பினீர்கள். வீட்டில் பல்பு மாற்றுவது யார்? வருடா வருடம் ஏணி வைத்து ஏறி, மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்ப்பது யார்? நீங்கள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பீர்கள். மறுநாள் எதிர் வீட்டுக்காரரிடம், "நேத்து தொட்டி கழுவினேன் சார், முதுகு பிடிச்சுக்கிச்சு" என்பீர்கள். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டு, உங்களுக்கே முதுகில் தைலமும் தேய்த்திருக்கிறேன். என்னைச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் போகட்டும். இதற்காக யாரும் பழி வாங்க மாட்டார்கள். என் பழி கிரேனுக்காக.

துறைமுகத்து கேட்டில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வரும் கன்டெய்னர் எண்களைச் சரிபார்த்து ஒன்பது வருடம் நிற்கிறேன். ஒன்பது வருடமும் அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன். கிரேன் உச்சியில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தால் மொத்தக் கடலும் தெரியும் என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். நாலு வருடத்துக்கு முன்னால், முதன்முதலாகப் பெண்களுக்கும் கிரேன் ஓட்டப் பயிற்சி என்று வந்தபோது, சூப்பர்வைசர் என் பெயரைத்தான் முதலில் எழுதினார். அந்த வாரமே ஒரு கல்யாண வரவேற்பில் அவரைப் பார்த்து, "இவ ஏணியில ஏறினாலே மயங்கிடுவா சார், பார்த்துக்கோங்க" என்றீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்துச் சொன்னீர்கள். பொய் சொல்லிச் சொல்லி, அது பொய் என்பதே உங்களுக்கு மறந்துபோயிருந்தது. திங்கட்கிழமை என் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. என் பக்கத்தில் நின்றவள் ஏறினாள். நாலு வருடமாகத் தினமும் மேலேயிருந்து எனக்குக் கை காட்டுகிறாள்.

இப்போது மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள். போய்க் கேட்டேன். சூப்பர்வைசர் நல்ல மனிதர், பயந்த மனிதர். "உங்க வீட்டுக்காரரே சொல்லிட்டுப் போனாரேம்மா. நாளைக்கு மேல ஏதாவது ஆச்சுன்னா என்னையில்ல கேப்பாங்க? அவரே அப்படி இல்லைன்னு எழுதிக் குடுத்தா பேரைச் சேர்த்துடறேன்" என்றார். வரும் திங்கட்கிழமை கடைசி நாள். இரண்டு வாரத்துக்கு முன்னால், நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன். "நாப்பது தாண்டியாச்சு, இனிமே என்ன உனக்குக் குரங்காட்டம்" என்று சொல்லி டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள். அந்த நிமிடம் முடிவு செய்தேன்.

(வண்டி கிளம்புகிறது. நிறுத்துகிறேன்.)

ஒரு மண் பாதையில் நிறுத்தியிருக்கிறார்கள். நீங்கள் எங்களுக்கு நேர் மேலே வந்திருக்கிறீர்கள். அவ்வளவு உயரத்திலிருந்தும் உங்கள் பெரிய மேனேஜர் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. உங்கள் சத்தம் கேட்கவில்லை.

எப்படி மாட்டினீர்கள் என்று இன்னும் புரிந்திருக்காது. அதையும் சொல்லிவிடுகிறேன். அதிகமாகப் பம்பு விற்றவர்களைக் குடும்பத்தோடு சுற்றுலா கூட்டி வந்த உங்கள் கம்பெனி, பலூனுக்கு விண்ணப்பப் படிவம் கொடுத்தது. அதில் நம் இருவருக்கும் 'கீழேயே இருப்பார்கள்' என்று நிரப்பினீர்கள். காரணம் என்ற இடத்தில் 'மனைவிக்கு உயரம் என்றால் பயம்' என்று எழுதினீர்கள். நேற்றுச் சாப்பாட்டு மேசையில், யாருக்கோ காய்ச்சல், கூடையில் ஒரே ஒரு இடம் காலி என்று மேனேஜர் சொன்னார். நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எனக்குக் கொள்ளை ஆசை சார், இவளை விட்டுட்டு எப்படிப் போறது" என்று பெருமூச்சு விட்டீர்கள். பத்தொன்பது வருடமாக அதற்குத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. "போயிட்டு வாங்க, நான் கீழ நின்னு பார்க்கறேன். எனக்காக எவ்வளவோ விட்டுக் குடுத்திருக்கார் சார், இந்த ஒரு ஆசையாவது நிறைவேறட்டும்" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டி முடித்தபோது உங்களுக்குத் தப்பிக்க வழி இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். அந்த ஒரு இடத்தை நான் கேட்டிருக்கலாம். "நான் ஏறறேன் சார்" என்று மூன்று வார்த்தை போதும். வாயில் வந்தது. ஆனால் நான் ஏறுகிற ஆசையைவிட உங்களை ஏற்றுகிற ஆசை பெரிதாக இருந்தது. இப்போது அண்ணாந்து பார்க்கும்போது கொஞ்சம் வலிக்கிறது. இந்தத் தடவை என்னைக் கீழே நிறுத்தியது நானேதான். அதையும் உங்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறேன்.

அடுத்தது நடந்து பத்து நிமிடம்தான் ஆகிறது. வண்டிக்காரரின் வாக்கிடாக்கியில் பலூன் ஓட்டுகிறவர் பேசினார். ஒரு சார் கூடைக்குள் தரையில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க மாட்டேன் என்கிறார், பேச மாட்டேன் என்கிறார், அவர் மனைவி வண்டியில் இருந்தால் ஏதாவது சொல்லச் சொல்லுங்கள் என்றார். வண்டிக்காரர் அதை என் கையில் கொடுத்துவிட்டார். அழுத்திப் பேசினால் கூடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்குமாம்.

யோசித்துப் பாருங்கள். உங்கள் மேனேஜர் இருக்கிறார். உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் நாலு பேர் இருக்கிறார்கள். ஒரே ஒரு வாக்கியம். அதைப் பல நாள் தொட்டிக்குள் நின்று பாசி தேய்த்துக்கொண்டே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பட்டனை அழுத்தினேன்.

என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். "காலையில வெறும் வயித்தோட கிளம்பிட்டார், அதான் மயக்கம். உக்காந்தே இருக்கட்டும். கண்ணை மூடிக்கிட்டு எண்ணச் சொல்லுங்க" என்றேன்.

பழக்கதோஷம். என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஓட்டுகிறவர், "சார் எண்ணிட்டிருக்கார் மேடம்" என்றார். நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். பரிதாபத்தில் அழுதேன் என்று நினைக்க வேண்டாம், ஆத்திரத்தில் அழுதேன். சரி, ஒரு துளி அதுவும் இருக்கலாம்.

அன்றைக்குக் கோபுரத்தில் ஒரு தடவை, இன்றைக்கு ஒரு தடவை, நாலு பேர் முன்னால் உங்கள் மானத்தை நான் காப்பாற்றியாகிவிட்டது. மூன்றாவது தடவை கிடையாது.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு தாள் இருக்கிறது. நேற்றே எழுதி வைத்தது. அதில் இரண்டே வரி: 'என் மனைவிக்கு உயரம் என்றால் பயம் கிடையாது. பயம் எனக்கு.' கீழே உங்கள் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் தரையைத் தொட்டதும் வண்டிக்காரர் இரண்டையும் உங்கள் கையில் கொடுப்பார். நான் வண்டிக்குள் இருப்பேன், இறங்கி வர மாட்டேன். இன்று மதியம் பரிசு கொடுக்கும்போது ஒவ்வொருவர் மனைவியையும் மேடைக்குக் கூப்பிட்டு, கணவரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்களாம். உங்கள் மேனேஜரின் மனைவிதான் சொன்னார். என்னிடமும் மைக்கைக் கொடுப்பார்கள். கையெழுத்துப் போட்ட தாள் என் பையில் இருந்தால், நீங்கள் வெறும் வயிற்றோடு பறந்த கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பேன். இல்லையென்றால் கோபுரத்திலிருந்து ஆரம்பிப்பேன். நூற்றுப் பதினாறு படியும் சொல்வேன். வாக்கிடாக்கியில் வாய் தவறியதுபோல அங்கே தவறாது.

வெயில் எங்கள் மேலும் விழுந்துவிட்டது. வண்டிக்காரர் இன்ஜினைக் கிளப்பிவிட்டார், நீங்கள் இறங்க ஆரம்பித்துவிட்டீர்களாம்.

உங்கள் இடது சட்டைப் பையில் ஒரு பாலிதீன் பை மடித்து வைத்திருக்கிறேன், குமட்டினால் எடுத்துக்கொள்ளுங்கள். வலது பையில் பேனா இருக்கிறது.

தரை நெருங்கும்போது முழங்காலை மடக்கிக்கொண்டு கயிற்றைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும் என்று காலையில் சொல்லிக் கொடுத்தார்கள். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நான் உங்களுக்காகக் கேட்டு வைத்தேன். இது உங்கள் கைக்கு வரும்போது இறங்கியிருப்பீர்கள், தெரியும்; ஆனாலும் எழுதுகிறேன், அதன்படி செய்யுங்கள். ஒரு கீறல் இல்லாமல் நல்லபடியாக இறங்கி வாருங்கள். நான் ஏற வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் கீழேயே நிற்கும்
உங்கள் மனைவி