கல்லில் ஏறிய பெரிய ற

2024 அக்டோபர் 6, ஞாயிறு

கிளியூர் பிரிவில் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் நிழற்குடை கட்டி முடித்துவிட்டார்கள். ஐந்து முறை ஜெயித்து, நடுவில் எலெக்‌ஷனே வைக்காத வருஷங்களையும் பொறுத்து, இந்த வார்டுக்கு மெம்பராக உட்கார்ந்து நான் கேட்டது. திறப்புக் கல்லில் என் பேரும் வருமாம். வாசகத்தை என்னையே எழுதித் தரச் சொல்லிவிட்டார் தலைவர்.

பேத்தி மோனிஷா தான் எழுதுவதாகச் சொன்னாள். சேலத்தில் பி.எஸ்ஸி. படிக்கிறாள், காலேஜிலேயே முதல் மார்க். அதைப் பஸ்ஸில் ஏறுகிற எல்லோரிடமும் சொல்கிறேன். இருந்தாலும் என் கல்லுக்கு என் அஞ்சாங் கிளாஸ் போதும்.

அக்டோபர் 8

'இவ்வார்டில் 25 ஆண்டுகள் உறுப்பினராக இருந்த ஆராயி அம்மாள் முயற்சியால்.' எழுதி, சேலத்தில் கல் கொத்துகிற அங்கப்பனுக்குப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். 'இருந்த' என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது. இத்தனை வருஷப் பதவிக்குச் சின்ன ரு போட்டால் மதிப்பாகவா இருக்கும்? பெரிய று போட்டேன். கல்லுக்கு அதுதான் எடுப்பு.

நவம்பர் 4

திறப்பு விழா. தலைவர் துணியை விலக்கினார். கை தட்டினவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

'உறுப்பினராக இறந்த ஆராயி அம்மாள்.'

பக்கத்திலேயே பட்டுச்சேலையில் நிற்கிறேன் நான். எனக்குப் போட வைத்திருந்த மாலையை என் கழுத்தில் போடுவதா, கல்லுக்குப் போடுவதா என்று தலைவருக்கே குழப்பம். போன தடவை பதினோரு ஓட்டில் என்னிடம் தோற்ற சத்யராஜ், "ஏனுங்கம்மா, இருவத்தஞ்சு வருசமாவா செத்தீங்க?" என்று கேட்டான். சிரிப்பு அடங்கவே இல்லை. கல்லுக்காரன் குடித்துவிட்டுக் கொத்தியிருப்பான் என்று சொல்லிவிட்டேன். சட்டென்று வாயில் வந்தது அதுதான்.

நவம்பர் 5

மோனிஷாவிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன் — இருந்த, அதற்கு எந்த ரு? சின்ன ருவாம். பெரிய று போட்டால்?

"அப்படி ஒரு வார்த்தையே இல்லீங்க ஆயா."

ஆக, இல்லாத வார்த்தையை அந்த மனுஷன் இருக்கிற வார்த்தையாக மாற்றியிருக்கிறான். என்னைப் பார்த்ததுகூட இல்லை. கல்லில் பேர் வருகிறவர்கள் முக்கால்வாசி செத்தவர்கள்தானே.

யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 17

ஓட்டர் லிஸ்ட் முகாம். சரிபார்க்க வந்த சுகுணா, மழைக்கு நிழற்குடையில் ஒதுங்கியவள், கல்லைப் படித்து என் பேருக்கு நேராக 'இறப்பு' என்று குறித்துவிட்டாள். நேரில் போய் நின்றேன்.

"செத்தவங்களுக்கு நீங்க தங்கச்சிங்களா?"

"நாந்தான் சாமி ஆராயி."

உயிரோடு இருப்பதற்குக் கடிதம் வேண்டுமாம். வார்டு மெம்பர் கையெழுத்தோடு. அங்கேயே எழுதினேன்: 'மேற்படி ஆராயியை எனக்கு நன்றாகத் தெரியும். உயிரோடுதான் இருக்கிறார். இப்படிக்கு, ஆராயி, வார்டு மெம்பர்.'

சுகுணா இரண்டு தடவை படித்தாள். "மெம்பரு எறந்துட்டாங்கன்னு கல்லுல இருக்குதுங்களே. அப்ப இந்தக் கையெழுத்து செல்லுங்களா?"

நியாயமான கேள்விதான்.

நவம்பர் 24

வாழவந்தி மாரியம்மன் கோயிலுக்குப் பேர்க்கல் கொத்தும் வேலையை அங்கப்பனிடமிருந்து பிடுங்கிவிட்டார்களாம். குடிகாரனாம். அவன் டீகூடக் குடிப்பதில்லை என்று கண்டக்டர் சொல்கிறார்.

மத்தியானம் அங்கப்பனே ஊட்டுக்கு வந்துவிட்டான். மடித்த காகிதத்தை எடுத்து என்முன் வைத்தான். என் எழுத்து. என் பெரிய று.

"யாருகிட்டயும் காட்டலீங்கம்மா. பெரியவங்க எழுத்துங்க. உங்களையே ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும், என் தப்புதானுங்க."

மோரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

இதை வெளியே காட்டினால் சத்யராஜ் விடுவானா? அஞ்சாங் கிளாஸ் அஞ்சாங் கிளாஸ் என்று மைக் கட்டிச் சொல்வான். ஆறாவது தடவை நிற்க வேண்டும் என்று இருக்கிறேன். நிற்கட்டுமா, வேண்டாமா? அவன் ஏன் காட்டவில்லை? காட்டியிருந்தால் நான் பாட்டுக்கு அவனைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

டிசம்பர் 2

விடாத மழை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் இல்லை. நிழற்குடைக்குள் இருபது பேர், வேறு வேலை இல்லாமல் கல்லைப் படித்துக்கொண்டு.

டிசம்பர் 8

வாழவந்திக் கோயில் கூட்டத்துக்குப் போனேன். எழுந்து நின்று காகிதத்தைப் பிரித்துப் படித்தேன், று உள்பட. எழுதினவள் நான், குடிக்காதவனைக் குடிகாரன் என்றவளும் நான். வேலையை அங்கப்பனுக்கே கொடுங்கள் என்றேன்.

சத்யராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான். "கல்லு செஞ்ச தப்ப விட ஆயா செஞ்சது பெருசுங்க. அதான் பெரிய ற."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வேலை அங்கப்பனுக்குத் திரும்பிவிட்டது.

2025 ஜனவரி 5, ஞாயிறு

இன்றோடு பதவிக்காலம் முடிகிறது. அடுத்த எலெக்‌ஷன் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. லிஸ்டில் சுகுணா என்னைப் பிழைக்க வைத்துவிட்டாளாம்.

அங்கப்பன் வந்தான். புதுக்கல்லே கொத்தித் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். அந்த ஒரு எழுத்தை மட்டும் செதுக்கி எடுத்து, சிமெண்ட் வைத்து இழைத்தான். இறுகியதும் சாக்பீஸை என்னிடம் நீட்டினான். "நீங்களே போட்டுக் குடுங்கம்மா, அதும்மேல கொத்தறேன்."

சத்யராஜ், கண்டக்டர், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சின்னதாகத்தான் போட்டேன்.