கற்பூரம் அணைத்த கை

தாராபுரம்,
12.5.1996

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், சொல்லப்போனால் உன் அப்பா போனதற்குப் பிறகு இவ்வளவு நன்றாக இருந்ததில்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நீயும் அந்தக் குளிர் ஊரில் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். உன் மாமனுக்கு முட்டிவலி தேவலை. இங்கே மழை இல்லை, அமராவதியில் தண்ணீருக்குப் பதிலாக மணல் லாரிதான் ஓடுகிறது, மேய்ச்சல் கொரங்காட்டில் புல் கருகி மாடுகள் கிளுவை வேலியைக் கடித்துக்கொண்டு நிற்கின்றன. நீ கேட்ட மல்லித்தூளும் பருப்புப்பொடியும் தனிப் பார்சலில் வருகின்றன, ஈரக் கரண்டி போடாதே.

போன கடிதத்தில் மாட்டு முடி ஆராய்ச்சி முடிவைச் சொல்லிவிட்டு, இதை வைத்துப் பெரியப்பாவோடு சண்டைக்குப் போகாதே அம்மா, நான் படித்தது அதற்கில்லை என்று எழுதியிருந்தாய். கடிதத்தைப் படித்து முடித்த கையோடு சண்டைக்குப் போய்விட்டேன். நீ எதற்குப் படித்தாய் என்பது உனக்கு மறந்திருக்கலாம், உன்னைப் படிக்கவைத்தவள் நான், எனக்கு மறக்கவில்லை. நாம் அந்த வீட்டை விட்டு வந்தபோது உனக்கு ஆறு வயது, பாதிதான் தெரியும், மீதியை இப்போது தெரிந்துகொள். என் கல்யாணத்துக்கு உன் தாத்தா சீராக ஒரு காரிக் கிடாரியை, கறுப்புப் பெண் கன்றை, ஓட்டிவந்து கட்டினார். அதன் தாய்வழிப் பாட்டிக்குப் பாட்டி குன்னூரில் தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கிய மாடு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. காங்கேயம் காளைகளோடு சேர்த்துச் சேர்த்துத் திமிலும் கொம்பும் நம் மாடாகவே வந்துவிட்டன, பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் உன் பெரியப்பா அங்கப்பன், தாலி கட்டி முடிந்த அன்றைக்கே, சீமை மாட்டுக்குப் பொறந்ததையெல்லாம் நம்ம கட்டுத்தரையில கட்டறதுங்களா, இனம் கெட்டுப்போயிருமுங்க என்று பந்தி முன்னால் சொல்லிச் சிரித்தார். காரியைத் தனியாக வேப்பமரத்தடியில் கட்டினார்கள். அந்த வீட்டில் என்னையும் ஏறக்குறைய அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

அப்புறம் காரி ஈன்ற கிடாரி அந்தக் கட்டுத்தரையிலேயே முதல் மாடாக வளர்ந்தது, உடனே அதை உள்ளே கட்டிவிட்டார்கள். உன் அப்பாவுக்குத் திதி முடிந்ததும் உன் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, பொம்பளப்புள்ளைய வெச்சுக்கிட்டு வம்சம்னு உனக்கு என்ன அம்மணி இருக்குது, உன்ற பொறந்த ஊட்டுக்குப் போய் நிம்மதியா இரு என்றார். நான் காட்டைக் கேட்கவில்லை, வீட்டைக் கேட்கவில்லை, காரியின் மகளை மட்டும் கேட்டேன், காரி அதற்குள் செத்துப்போயிருந்தது. காரி கிடாரியே போடவில்லை, இது எங்க பாட்டன் வழி மாடு என்று ஒரே போடாகப் போட்டார். பெரிய மனிதர்கள் கூடிக் குலதெய்வக் கோயிலில் கற்பூரம் ஏற்றச் சொன்னார்கள், உன் பெரியப்பா கொஞ்சமும் தயங்காமல் அதை வலது கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினார். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், ஒருவன் கற்பூரத்தை அணைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்கக்கூடாது, வழக்கு முடிந்தது. எனக்கு மாடு போனதுகூடப் பெரிதில்லை. அத்தனை பேருக்கு நடுவில் பொய் சொன்னவளாகத் தலை குனிந்து உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன் பார், அதுதான் இத்தனை காலமும் ஆறவில்லை.

நீ நம் பக்கத்து மாடுகளின் வால் முடி வேண்டும், வேரோடு பிடுங்கிக் காகித உறையில் அனுப்பச் சொல் என்று எழுதினாய். கூடவே விளக்கமும் எழுதியிருந்தாய். மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிற டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டும்தான் வரும், தகப்பன் எவனாக இருந்தாலும் அதில் ஒட்டாது, அதைப் பிடித்துக்கொண்டே போனால் மனிதர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து எங்கெங்கே போய்க் குடியேறினார்கள் என்று சொல்லிவிடலாம், திமில் வைத்த நம் மாடும் திமில் இல்லாத சீமை மாடும் வேறு வேறு காட்டு மாட்டிலிருந்து தனித்தனியாகப் பழக்கியவை, அதனால் இரண்டின் அடையாளமும் ஒன்றோடொன்று சேரவே சேராது என்றெல்லாம். நீ விஞ்ஞானம் என்று எழுதினாய், நான் சாட்சி என்று படித்தேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வெங்கடபதியிடம் சொல்லி உன் பெரியப்பா வீட்டுக்கும் போகச் சொன்னேன். வெளிநாட்டில் கேட்கிறார்கள் என்றதும் உன் பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லையாம். பசுவின் முடியும் வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்கு, பசு என்னத்துக்குங்க, காளையிலதானுங்க வம்சம் இருக்குது என்று சொல்லி, காரியின் மகள் வழியில் வந்து சந்தையில் பரிசு வாங்கிய மயிலைக் காளையின் வாலில் தானே பிடுங்கிக் கொடுத்திருக்கிறார். எம் பேரையும் மறக்காம அச்சுல போடச் சொல்லுங்க என்றாராம். காளைக்கும் ஒரு தாய் உண்டு என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றாது. உன் பாவாத்தாள் அத்தைக்கு அவர்கள் வீட்டில் சீராகக் கொடுத்த பாட்டன் வழி மாட்டின் பேத்தியிடமும், உன் மாமன் வீட்டில் இருக்கிற காரியின் தங்கை வழி மாட்டிடமும் முடி எடுத்துச் சேர்த்து அனுப்பியது நான்தான். உன்னிடம் அப்போது காரணம் சொல்லவில்லை, சொன்னால் நீ தடுத்திருப்பாய்.

முடிவு நீ எழுதியதுதான். அத்தை வீட்டு மாடு நம் நாட்டு மாட்டுத் தாய்வழி, மாமன் வீட்டு மாடு சீமை மாட்டுத் தாய்வழி, உன் பெரியப்பாவின் காளையும் அச்சாக அதே சீமைத் தாய்வழி. அதைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மாரியம்மன் நோம்பித் திருவிழா மாட்டுச் சந்தையில் கலப்பில்லாத காங்கேய வழியைக் காத்தவர் என்று அவருக்குப் பொன்னாடை போடப் போவதாக ஏற்கெனவே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. போனேன். காளைக்குச் சந்தனம், மாலை, கொம்புக்குக் குஞ்சம். அதைப் பிறந்தது முதல் மேய்க்கிற ஆளுக்கு அன்றைக்கும் டீ தேங்காய்த் தொட்டியில்தான். சத்தியத்தன்று இருந்த பெரிய மனிதர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் எல்லாம் முன்வரிசையில். பொன்னாடை போட்டதும் நான் எழுந்து டாக்டரிடம், ஏனுங்க டாக்டர், அந்த முடி முடிவு வந்துருச்சுங்களே, எல்லாருக்கும் சொல்லுங்க என்றேன். அவர் நெளிந்தார், ஆனால் கேட்டால் பொய் சொல்கிற ஆள் இல்லை, உள்ளதைச் சொல்லிவிட்டார். உன் பெரியப்பா, மெஷின் சொல்றதையெல்லாம் நம்பறதுங்களா என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. மாமா, ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடுங்க. காளை உங்க பாட்டன் வழின்னா உங்க பாட்டன் கட்டுத்தரையே சீமை மாட்டுக் கட்டுத்தரை. இல்லீன்னா இது எங்கப்பன் கொடுத்த காரி வழி, நீங்க அணைச்சது பொய்க் கற்பூரம். எதுன்னு நீங்களே சொல்லுங்க என்றேன். பின்னால் எவனோ, பெரியவரே, கன்னுக்குட்டி இங்கிலீசுல கத்துதுங்களா என்றான், ஒரே சிரிப்பு.

அவர் என்ன சொன்னார் தெரியுமா கண்ணு. கற்பூரம் அணைத்த அந்த வலது கையைத் தூக்கி, எங்க பாட்டன் வழி சுத்தமானதுங்க, அது பாவாத்தா ஊட்டுல நிக்குது, இது சாந்தாமணி கொண்டாந்த மாட்டு வழிதானுங்க, அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க என்றார். பொய்ச்சத்தியம் பண்ணியவன் என்ற பேரை ஊர் முன்னால் சுமக்க அவரால் முடிந்தது, கலப்பு என்ற பேரை மட்டும் சுமக்க முடியவில்லை. இந்த மனிதர்களை நான் இதற்கு மேல் என்ன சொல்ல. அத்தனை தலைமுறைக்கு அப்புறம் அந்தக் காளை உடம்பு முழுக்கக் காங்கேயம்தான், தாய்வழி அடையாளத்தால் மாட்டின் தரம் ஒன்றும் குறையாது என்றும் நீ எழுதியிருந்தாய். அதை நான் சந்தையில் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காளையையும் அதன் தாயையும் ஓட்டி வந்து நம் வாசலில் விட்டுப் போனார்கள். உன் பெரியப்பா தாராபுரத்துக்கு வந்தால் நம் வீட்டைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவேண்டும், இரண்டையும் ரோட்டோரப் புளியமரத்தில்தான் கட்டுகிறேன். மாமன் போதும் விடு சாந்தா என்கிறான். மாடு தண்ணீர் குடிக்க உள்ளே வரும், மற்ற நேரம் அங்கேதான். வம்சம் என்ன இருக்குது என்று கேட்டாரே, அவருக்கு அவர் அம்மாவிடமிருந்து வந்த அடையாளம் அவரோடு முடிந்தது, இரண்டு மகன்களுக்கும் போகவில்லை. எனக்கு என் அம்மா கொடுத்தது உன்னிடம் இருக்கிறது. இதுவும் நீ எழுதிய விஞ்ஞானம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள், தலைக்கு எண்ணெய் வை, கோபத்தில் கடிதம் போடாமல் இருந்துவிடாதே. அந்த மாரியாத்தா துணையில் நீ நினைத்ததெல்லாம் நடந்து நிறைவாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. கட்டுரையில் மாட்டுக்காரர்களுக்கு நன்றி சொல்லும் இடம் உண்டு என்றாயே, அங்கே என் பெயர் வேண்டாம். காளை இப்போது என்னிடம் இருந்தாலும், முடி பிடுங்கியபோது அது யார் கட்டுத்தரையில் நின்றது என்று எனக்குத் தெரியும். பெரியப்பா ஆசைப்பட்டுக் கேட்டபடியே சீமைத் தாய்வழிக்கு நேராக அங்கப்பக் கவுண்டர் என்று முழுப் பெயராகப் போடு, ஊர்ப் பெயரும் சேர்த்து.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
சாந்தாமணி