ஆர்லீன் பாட மறுத்த பாட்டு

12 நவம்பர் 1967, ஞாயிறு. ஸ்டுட்கார்ட், ஜெர்மனி.

 

படிப்பு போக மிச்ச நேரத்தில் நான் மைக் பார்த்துக்கொள்ளும் கிளப்பில் இன்று சாயங்காலம் ஆர்லீன் பாடினாள். அமெரிக்கக்காரி. ட்விஸ்ட் நடன மோகம் இருந்தபோது அவளுடைய ஒரே ஒரு டான்ஸ் பாட்டு எங்கும் ஓடியது. அதற்கப்புறம் வேறு எதையும் பாட யாரும் அவளை விடுவதில்லை. "இன்னைக்கு அதைப் பாடமாட்டேன்" என்று மேடை ஏறும் முன்பே என்னிடம் சொன்னாள்.

மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தாள். அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. பாதியில், "அந்த டான்ஸ் பாட்டைப் பாடு" என்ற கூச்சலோடு ஒரு பீர் பாட்டில் பறந்து வந்து அவள் வாயில் பட்டது. கேட்க வந்திருந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவன், எறிந்தவனைப் பிடித்து அவன் நெற்றியை மேசையில் மோதினான். பிறகு நாற்காலிகள் பறந்தன. ஒருவன் பல்லைத் துப்பினான்.

அடிதடி வந்தால் பேண்டு நிற்கக்கூடாது, இன்னும் வேகமாக வாசிக்க வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். டிரம்மர் அந்த டான்ஸ் பாட்டைத் தொடங்கினான். ஆர்லீன் என்னைப் பார்த்து, மைக்கை அணைத்துவிடு என்று சைகை காட்டினாள். நான் சத்தத்தைக் கூட்டினேன்.

வேறு வழியில்லாமல் பாடினாள். ஓங்கிய கைகள் இறங்கின. பீர் பாட்டிலை எறிந்தவனும் நெற்றி ரத்தத்தோடு ஆடினான்.

பாட்டு முடிந்ததும் அவள் மைக்கை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். மைக்கின் கம்பி வலையில் அவள் ரத்தம் உறைந்திருந்தது. அதைத் துடைக்கும்போது அந்த டான்ஸ் பாட்டைத்தான் நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.