பஸ் நிறுத்தத்தில் யோர்டான்

லூகா கிராமம், செப்டம்பர் 16

அன்புள்ள தம்பி சகாரிக்கு,

சோபியாவில் ஓயாத மழை என்று வானொலியில் சொன்னார்கள். தொண்டையைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணனின் ஆறாம் மாத நினைவுநாளுக்கு நீ எழுதித் தந்ததை, அவர் படத்தோடு அச்சடித்து வீட்டுக் கதவிலும் ரொட்டிக் கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டினேன். புத்தகம் எழுதுகிறவன் எழுதியதாயிற்றே என்று ஒரு சொல்லையும் மாற்றவில்லை. படித்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குத்தான் ஒருவரும் வரவில்லை. செத்தவர் பேரில் ஊருக்குப் பங்கிட அவித்த கோதுமையைப் பாதிரியாரும் நானும் எவ்வளவுதான் தின்பது?

ரொட்டிக் கடை ஸ்தோயாங்காவைப் பிடித்துக் கேட்டேன். "எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு, வெலிகாக்கா. ‘அரையாண்டுக் கதிரவன் உச்சி தொடும் வேளை நினைவின் பந்தியில் கூடுவோம்’னா, நாங்க என்னைக்குச் சாப்பிட வரணும்?" என்றாள்.

உன்மேல் கோபமில்லை. வாசலுக்கு வந்த யாரையும் வெறும் வயிறோடு அனுப்பாத மனுஷர் பேரில் வைத்த பந்தி காலியாகக் கிடந்ததுதான் தாங்கவில்லை. வருஷ நினைவுக்காவது ஊர் வரவேண்டும். புரிகிற மாதிரி எழுது.

உன் அண்ணி
வெலிகா

சோபியா, பிப்ரவரி 2

அன்பு அண்ணிக்கு,

வருஷ நினைவுக்கு எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். முடிந்தவரை குறைத்துவிட்டேன். கதிரவன் இல்லை, வைகறை மட்டும் ஓரிடத்தில் வருகிறது. அதையும் எடுக்கச் சொல்லாதீர்கள். என்னைப் படிக்கவைத்த அண்ணனுக்கு, சந்தையில் வெங்காயம் வாங்குகிற சொற்களில் எப்படி எழுதுவேன்? கை வரமாட்டேன் என்கிறது.

தம்பி
சகாரி

லூகா கிராமம், பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

வைகறையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீயே வைத்துக்கொள்.

உன் புத்தகம் ஒன்று விடாமல் உன் அண்ணன் வாங்கினார். மூன்றாம் பக்கத்தில் குறட்டை கேட்கும். ஆனால் நீ பட்டாளத்திலிருந்து போட்ட அஞ்சலட்டையைக் கடைசிவரை சட்டைப்பையில் வைத்திருந்தார். "அண்ணா, இங்கே ரொம்பக் குளிருது. கம்பளிக் காலுறை அனுப்பு." அவ்வளவுதான் அதில் இருந்தது. "என் தம்பி எழுதினது, பாருங்க" என்று அவர் காட்டாத ஆள் இல்லை.

அந்தத் தம்பியை எழுதச் சொல்.

அண்ணி

சோபியா, பிப்ரவரி 20

அண்ணி,

நினைவுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமையே வந்துவிடுகிறேன். கோதுமையை நான் அவிக்கிறேன். இதை ஒட்டுங்கள்:

"யோர்டான் போய் ஒரு வருஷம் ஆகுது. மார்ச் 14, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் வீட்டில் சாப்பாடு. எல்லாரும் வாங்க. தம்பி சகாரி பரிமாறுவான்.

அண்ணா, இங்கே ரொம்பக் குளிருது."